பதினெட்டாம் வரிசை

ஜூன் 14

அன்புள்ள வாலு,

உன் நாற்காலி இப்போது என்னுடையது. நூலக டீச்சர் இன்று காலை என்னைக் கூப்பிட்டு, "அவ ஹாஸ்டலுக்குப் போயாச்சு. இனிமே கம்ப்யூட்டர்ல பட்டியல் போடுற வேலை உன்னோடது" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே மேடம்."

"அவ மட்டும் பொறக்கும்போதே கத்துக்கிட்டு வந்தாளா? எழுதிக் கேளு."

ஆகவே எழுதிக் கேட்கிறேன். உன் விடுதியில் போன் கிடையாது என்பது எனக்கு நல்லதாகப் போயிற்று. கடிதம் எழுத ஒரு காரணம் கிடைத்ததே!

நாற்காலியின் குட்டைக் காலுக்கு நீ மடித்து வைத்த அட்டை அப்படியே இருக்கிறது. விசைப்பலகையில் 4 என்ற விசை இன்னும் சிக்குகிறது. மின்விசிறி இன்னும் காகிதங்களை என் முகத்தில் அடிக்கிறது. நீ இல்லை என்பதைத் தவிர எதுவும் மாறவில்லை.

என் சந்தேகங்கள் இரண்டு. ஒன்று, நீ விட்டுப்போன குறிப்பு நோட்டில் C5:G5 என்று எழுதியிருக்கிறாயே, நடுவில் இருக்கிற முக்காற்புள்ளி எதற்கு? இரண்டு, சில இடங்களில் டாலர் குறி இருக்கிறது. நம் வாசிப்புப் போட்டிக்கும் டாலருக்கும் என்ன சம்பந்தம்?

போட்டியைப் பற்றிச் சொன்னதும் நினைவு வருகிறது. நீ முதலாவதாக வந்ததில் எனக்குத் துளியும் பொறாமை இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். கொஞ்சம் இருந்தது. பள்ளிக்கு ஒரே ஓர் இடம், மூன்று மாடி நூலகம் உள்ள விடுதிப் பள்ளி, யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் நான் இருபத்தொன்றாவது வந்தவள். இரண்டாவது வந்திருந்தால் அழுவதில் அர்த்தம் உண்டு. "நல்லாத்தானே எழுதினேன்னு சொன்னே?" என்று அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நல்லா எழுதினேன்னு நானா நெனச்சுக்கிட்டேன்மா" என்றேன். அவ்வளவுதான். மறுபடி மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன், நம் வழக்கமான படியில்.

ஒட்டகம் மட்டும் என்னை விடவில்லை. அவளுக்கும் எனக்கும் ஒரே மதிப்பெண் அல்லவா? தினமும் அந்த நெட்டைக் கழுத்தை வளைத்துக்கொண்டு, "வாடி என் ரெட்டைப்பிள்ளை" என்கிறாள்.

நான் கொடுத்த அகராதி பத்திரமா? ஓரத்தில் பேனாவால் கிறுக்காதே. பென்சில் என்றால் பரவாயில்லை.

உன்,
புழு


ஜூன் 22

என் புத்தகப்புழுவே,

அகராதி தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிறுக்கவில்லை, தாயே.

இங்கே நூலகத்தில் ஏணி வைத்து ஏறித்தான் மேல்தட்டைத் தொட முடியும். ஏணிக்குச் சக்கரம் உண்டு. நான் அதில் ஏறி ஒரு தள்ளு தள்ளினேன், கட்டுரைப் பகுதியிலிருந்து பயணநூல் பகுதி வரை போய்விட்டேன். வார்டன் பார்த்துவிட்டு, "நீ படிக்க வந்தியா, பஸ் ஓட்ட வந்தியா?" என்றார். நீ இருந்தால் இந்த ஏணியை விட்டு இறங்கியே இருக்க மாட்டாய்.

சரி, பாடம். உன் முக்காற்புள்ளியை "முதல், வரை" என்று படி. C5:G5 என்றால் C5 முதல் G5 வரை. நடுவில் இருப்பதெல்லாம் அதில் அடக்கம். இதற்கு ரேஞ்ச் என்று பெயர். ஐந்து தேர்வு, ஐந்து கட்டம், H-இல் கூட்டல்.

ஒரு வரிசையில் ஃபார்முலா எழுதிக் கீழே இழுத்தால் போதும், மற்ற வரிசைகள் தானாக நிரம்பும். அதற்கு யாருடைய பெயரும் தெரியாது. "நான் நிற்கிற வரிசையில், எனக்கு இடப்பக்கம் உள்ள ஐந்து கட்டங்கள்" என்றுதான் தெரியும். ஆறாவது வரிசைக்கு இறங்கினால் C6:G6 ஆகிவிடும். சமர்த்து.

ஆனால் ரேங்க் போடும்போது அந்தச் சமர்த்து வேண்டாம். எல்லோரையும் அதே பட்டியலோடுதான் ஒப்பிட வேண்டும். அது கீழே நழுவினால் மேலே இருப்பவர்கள் விட்டுப்போவார்கள். அதனால் H$2:H$33. டாலர் என்றால் பணம் இல்லை, ஆணி. எந்த எண்ணுக்கு முன்னால் அடிக்கிறாயோ அது நகராது.

இன்னொன்று. 33 வரை என்று எழுதிவிட்டு 34-இல் ஒரு பெயரைச் சேர்த்தால், அந்தப் பெயர் பட்டியலில் இருக்கும், ரேங்க்கில் இருக்காது. ரேஞ்சை நீதான் நீட்ட வேண்டும். நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுவார்கள்.

பழைய கோப்பைத் தொடாதே. அதில் என் கிறுக்கல்கள் நிறைய இருக்கின்றன, குழம்பிவிடுவாய். புதிதாக ஒன்று திறந்து ஆரம்பி.

வாலு


ஜூலை 1

அன்புள்ள வாலு,

உன் பாடத்தை மூன்று முறை படித்தேன், கடைசி முறை வாய்விட்டு. "முதல், வரை" என்று நீ சொன்னதும் எல்லாம் தெளிந்துவிட்டது. புதிய கோப்பில் எங்கள் வீட்டுப் படிகளின் உயரத்தை எல்லாம் அளந்து போட்டுக் கூட்டிப் பார்த்தேன். ஆணி அடித்தேன், பிடுங்கினேன். பிரமாதம்!

ஆனால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பழைய கோப்பைத் திறந்துவிட்டேன். எந்தப் புத்தகத்தையும் பாதியில் விட எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். நீ போட்ட ஃபார்முலாக்களை உதாரணமாக வைத்துப் படிக்கலாம் என்றுதான் திறந்தேன்.

வாலு, உட்கார்ந்துகொண்டு படி.

H-இல் ஒவ்வொரு கட்டமாகச் சொடுக்கிப் பார்த்தேன். இரண்டு முறை சொடுக்கினால், எந்தக் கட்டங்களைக் கூட்டுகிறதோ அவற்றைச் சுற்றி நீலக் கோடு விழுகிறது அல்லவா? இரண்டாம் வரிசையில் சொடுக்கினால் கோடு இரண்டாம் வரிசையில். பதினேழில், அதாவது ஒட்டகத்தின் வரிசையில் சொடுக்கினால் பதினேழில். பதினெட்டு நான். அங்கே சொடுக்கினேன். கோடு என்னைச் சுற்றி விழவில்லை. ஒட்டகத்தைச் சுற்றி விழுந்தது!

என் கட்டத்தில் =SUM(C$17:G$17) என்று இருக்கிறது. ஆணி அடித்திருக்கிறது. கம்ப்யூட்டர் அவளுடைய மதிப்பெண்களைக் கூட்டி என் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறது. 64, 71, 58, 70, 66. கூட்டினால் 329. அவளும் 329, நானும் 329. ரெட்டைப்பிள்ளை எப்படிப் பிறந்தது என்று தெரிந்துவிட்டது.

என்னுடைய ஐந்து கட்டங்களில் இருப்பவை 92, 88, 95, 90, 86. பென்சிலால் கூட்டினேன். நம்பாமல் மறுபடி கூட்டினேன். பிறகு கணக்கு டீச்சரிடம் எதற்கு என்று சொல்லாமல் கூட்டச் சொன்னேன். 451.

உன்னுடையது 438.

எனக்குக் காய்ச்சல் வந்து முதல் தேர்வைத் தாமதமாக எழுதினேனே, அப்போதுதான் நீ நடுவில் ஒரு வரிசையைச் செருகி என்னைச் சேர்த்தாய். மேல் வரிசையின் ஃபார்முலாவை நகலெடுத்திருப்பாய். அதில் தெரியாமல் ஆணி இருந்திருக்கும். கைதவறுதல், வேறென்ன? உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, சத்தியமாக. ஆனால் இப்போது என்ன செய்வது? நூலக டீச்சரிடம் சொல்லலாமா? சொன்னால் உன்னை என்ன செய்வார்கள்? நீ சொல்வது போலச் செய்கிறேன். சீக்கிரம் எழுது.

உன்,
புழு


ஜூலை 13

புழு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே தேர்வு.

நீ சொன்னதைப் படித்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது அந்த விசைப்பலகையின் வேலைதான். 4 சிக்கிக்கொள்ளும், ஷிஃப்டும் சேர்ந்து அழுந்தினால் டாலர் விழும், உனக்கே தெரியும். மேலும் ஆணி அடிக்கக் கற்றுக்கொண்ட புதிதில் ஒட்டகத்தின் வரிசையில்தான் அடித்துப் பழகினேன், பிறகு அதை நானே அழித்தும் விட்டேன். அந்தக் குழப்பத்தில் உன் வரிசை எப்படியோ ஆகிவிட்டது.

இப்போது அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? பட்டியல் போய்விட்டது. நூலக டீச்சர் வேறு கையெழுத்துப் போட்டிருக்கிறார், பாவம், அவருக்குத்தான் தலைகுனிவு. அடுத்த வருடமும் ஓர் இடம் உண்டு. நீ கண்ணை மூடிக்கொண்டு முதலாவதாக வந்துவிடுவாய். நான் இங்கே உனக்காக ஒரு கட்டிலைப் பிடித்து வைக்கிறேன், ஜன்னல் பக்கம்.

ஏணியின் ஒரு சக்கரம் கழன்றுவிட்டது. நான் காரணம் இல்லை.

வாலு


ஜூலை 18

வாலுவுக்கு,

உன் கடிதத்தை முதல் முறை படித்தபோது நிம்மதியாக இருந்தது. இரண்டாம் முறை படித்திருக்கக் கூடாது. நான் எதையும் இரண்டு முறை படிப்பேன் என்பதை நீ மறந்துவிட்டாய்.

4 சிக்கினால் டாலர் விழும், சரி. C17:G17 என்பதில் 4 எங்கே இருக்கிறது? நான் தேடிப் பார்த்தேன். ஒன்றும் ஏழும்தான் இருக்கின்றன.

இதையாவது விடுகிறேன். ஒட்டகத்தின் வரிசையில் ஆணி இருந்தது, அதை நீயே அழித்தாய் என்று எழுதியிருக்கிறாய். எப்போது அழித்தாய்? என் வரிசையைச் செருகுவதற்கு முன்பு அழித்திருந்தால், நான் ஆணி இல்லாத ஃபார்முலாவைத்தான் பெற்றிருப்பேன். C18:G18 என்று தானாக மாறியிருக்கும். சமர்த்து என்று நீதானே சொன்னாய்? எனக்கு ஆணி வந்திருக்கிறது என்றால், அவள் வரிசையிலிருந்து நீ அதை அழித்தது என்னைச் செருகிய பிறகு. அதாவது பதினேழில் தப்பு இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. பதினெட்டு அதற்கு நேர் கீழே இருக்கிறது, வாலு. நடுவில் ஒரு கோடு மட்டும்தான்.

இத்தனைக்கும் பதினேழில் அந்த ஆணியால் யாருக்கும் கெடுதல் இல்லை. அவள் வரிசை அவள் வரிசையைத்தானே பார்த்தது? கெடுதல் செய்யாத ஆணியைப் பிடுங்கிவிட்டு, கெடுதல் செய்கிற ஆணியை விட்டுவிட்டாய்.

மதிப்பெண்களை நூலக டீச்சர் வாசிக்க வாசிக்கத் தட்டியவள் நீ. 92, 88, 95 என்று உன் விரலால் தட்டிவிட்டு, எதிரே 329 என்று வந்தபோது உனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டாமா? "ஏய் புழு, இங்க பாருடி, உன்னைக் கம்ப்யூட்டர் ஒட்டகமாக்கிடுச்சு" என்று கத்தியிருக்க வேண்டாமா? இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறவள் நீ.

முடிவு ஒட்டிய அன்று என் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றாய். "விடுடி, அந்த நடுவர்களுக்கு ரசனை இல்ல" என்றாய். நான் அதை நம்பினேன். வீட்டுக்குப் போய் அகராதிக்கு அட்டை போட்டு, உன் பெயரை எழுதி, உனக்குக் கொடுத்தேன்.

"கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தாண்டி இருக்கும்" என்றாள் அம்மா அன்றைக்கு. ஒரு மாதமாக நான் என்னை இருபத்தொன்றாம் இடத்துக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் கையைத் தூக்குவதைக்கூட நிறுத்திவிட்டேன். அந்த இடத்தைவிட இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. தெரியுமா, தெரியாதா?


ஜூலை 27

தெரியும்.

இதற்கு மேல் எழுதினால் நீ படிப்பாயா என்று தெரியாது. படிப்பாய். நீ எதையும் பாதியில் விடுவதில்லை.

அன்று நூலகத்தில் நானும் டீச்சரும் மட்டும்தான் இருந்தோம். 329 என்று வந்ததும் எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. உன்னைக் கூப்பிடக் கழுத்தைக்கூடத் திருப்பினேன். நீ வீட்டுக்குப் போயிருந்தாய். சரி, திருத்துவோம் என்று பார்த்தால் ஒட்டகத்தின் வரிசையிலும் ஆணி. முதலில் அதை அழித்தேன். பிறகு அம்புக்குறியை உன் வரிசைக்கு இறக்கினேன்.

அங்கேயே நிறுத்தினேன்.

திருத்தினால் நீ முதலாவது, நான் இரண்டாவது. திருத்தாவிட்டால் நான் எதுவும் செய்யவே இல்லை, அவ்வளவுதானே என்று தோன்றியது. எதையும் மாற்றவில்லை, பொய்யாக ஒரு எண்ணைக்கூடத் தட்டவில்லை. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "முடிஞ்சுதாடி?" என்று கேட்டார். "முடிஞ்சுது மேடம்" என்றேன்.

எங்கள் வீடு எப்படி என்று உனக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் பேச மாட்டார்கள், கதவுகள்தான் பேசும். ஒரு கதவு சாத்துகிற சத்தத்தை வைத்தே அன்றைக்குச் சாப்பாடு உண்டா இல்லையா என்று சொல்வேன். அதனால்தானே உங்கள் மாடிப்படிக்கு ஓடி வருவேன்? இங்கே கதவுகளுக்கு அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள். வந்த முதல் வாரம் அந்த நிசப்தத்தில் தூக்கம் வரவில்லை. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் என் தப்பு.

இது காரணம், சமாதானம் இல்லை. உனக்கு வித்தியாசம் தெரியும்.

பழைய கோப்பைத் தொடாதே என்று எழுதினேனே, அதற்கு அடுத்த நாளிலிருந்து நீ எப்போது தொடுவாய் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நீ தொடாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.


ஆகஸ்ட் 2

உங்கள் வீட்டுக் கதவுகளைப் பற்றி எனக்குத் தெரியும். நீ என்னிடம் வந்து, "எனக்கு இந்த இடம் வேணும்டி, நீ விட்டுக்குடு" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று மூன்று நாட்களாக யோசிக்கிறேன். கொடுத்திருப்பேன் என்று எழுதினால் பெரிய மனுஷி போல இருக்கும். கொடுத்திருப்பேனா என்று தெரியவில்லை. ஆனால் கேட்கவாவது செய்திருக்கலாம். நீ என்னைக் கேட்க வேண்டிய ஆளாகவே நினைக்கவில்லை.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். ஆணியைப் பிடுங்கிவிட்டு அச்செடுத்த பட்டியல். பதினெட்டாம் வரிசையில் 451 என்று இருக்கும். இதை நான் இங்கே யாரிடமும் காட்டவில்லை, அம்மாவிடம்கூட. நான் சொன்னால் கோள்மூட்டியது போல ஆகிவிடும் என்பதற்காக இல்லை. "முடிஞ்சுது மேடம்" என்று சொன்னது நீ. முடியவில்லை என்றும் நீதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் பதினைந்து வரை காத்திருப்பேன். "வரை" என்றால் பதினைந்தும் அதில் அடக்கம்.


ஆகஸ்ட் 12

புழு,

வார்டனிடம் சொன்னேன், பிறகு தலைமை ஆசிரியரிடம். உன் பட்டியலைக் கொடுத்தேன். நம் நூலக டீச்சருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், இது வருவதற்கு முன்பே அவருக்குக் கிடைத்திருக்கும்.

மோசமான செய்தி ஒன்று இருக்கிறது. தப்பான பட்டியலில் வந்ததால் என்னைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் எனக்குப் பதிலாக உன்னை எடுக்க மாட்டார்களாம். சேர்க்கை ஜூலையோடு முடிந்துவிட்டது. "அந்தப் பொண்ணு என்ன தப்பு செஞ்சுது சார்?" என்று கேட்டேன். "அத நீ முன்னாலயே யோசிச்சிருக்கணும்மா" என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

ஜன்னல் பக்கக் கட்டில் இந்த வருடம் காலியாகவே இருக்கும்.

அகராதியை நேரில் தருகிறேன். எதிலும் கிறுக்கவில்லை.


ஆகஸ்ட் 29

வாலுவுக்கு,

நான் இரண்டாவது பெஞ்ச், நீ கடைசி பெஞ்ச். நடுவில் ஆறு தலைகள். இதற்கு ஏன் கடிதம் என்று ஒட்டகம் கேட்கிறாள். "பேசித் தொலைங்கடி, நான் என்ன தபால்காரியா?" என்கிறாள். இருந்தாலும் அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

பதினோரு நாட்களாக உன்னிடம் நான் பேசவில்லை. இன்னும் எத்தனை நாட்கள் என்று எனக்குத் தெரியாது. அகராதியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாய். அட்டையில் உன் பெயர் இருக்கிறது. அதை அழிக்க மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை. இப்போதைக்குப் பழைய செய்தித்தாளைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினை நிறுத்தவில்லை, ஓட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "நானூத்தி அம்பத்தொண்ணா?" என்றாள். "ஆமாம்மா." "கூட்டிப் பாத்தியா?" "மூணு தடவை." அதற்குப் பிறகுதான் நிறுத்தினாள்.

இனி விஷயம். அடுத்த வருட இடத்துக்கான போட்டிப் பட்டியலை நூலக டீச்சர் என்னைத்தான் போடச் சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் அவர் கம்ப்யூட்டரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார், திருடனைப் பார்ப்பது போல. உன் பெயரையும் சேர்க்க வேண்டுமாம். "செஞ்சத அவளே வந்து சொன்னா. எழுதட்டும்" என்றார்.

நீ போன பிறகு பட்டியல் இரண்டு முதல் முப்பத்திரண்டு வரை இருந்தது. உன்னைக் கடைசியில், முப்பத்து மூன்றில் சேர்த்தேன். ரேங்க் ஃபார்முலாவில் H$2:H$32 என்று இருந்தது. அதை மாற்றாமல் விட்டால் நீ பட்டியலில் இருப்பாய், ரேங்க்கில் இருக்க மாட்டாய். நீ சொல்லிக்கொடுத்ததுதான். நூலகத்தில் யாரும் இல்லை. நான் எதையும் மாற்ற வேண்டாம், பொய்யாக எதையும் தட்ட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அம்புக்குறி அங்கே நின்றது, வாலு. என் விரலும் நின்றது. மின்விசிறி ஒரு காகிதத்தைத் தள்ளி என் முகத்தில் அடிக்கும் வரை நின்றது. "அங்கேயே நிறுத்தினேன்" என்று நீ எழுதியது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

புரிந்தது என்பதால் நீ செய்தது சரியாகிவிடாது. மன்னித்துவிட்டேன் என்றும் நினைத்துக்கொள்ளாதே.

இந்த முறை ஒவ்வொருவருடைய வரிசையையும் தனியாக அச்செடுத்து அவரவர் கையில் கொடுக்கப்போகிறேன். பென்சிலால் கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒட்டகம் இப்போதே புலம்புகிறாள்.

ரேஞ்ச் இப்போது H$2:H$33. நீ இருக்கும் வரிசை வரை. நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். இருந்தாலும் நாளை மதியம் நூலகத்துக்கு வந்து நீயும் ஒரு முறை பார்த்துவிடு. நான் அங்கேதான் இருப்பேன். பேச மாட்டேன்.